குளிர் நாட்டுப் பிள்ளையும் கந்தளாய் வெயிலும்



பாடசாலை விடுமுறை கிட்ட வந்தாலே நமது லயங்களில் ஒரு பேச்சு எழும். "இந்த முறை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் திருகோணமலைப் பக்கம் போயிட்டு வரணும்." கோணேஸ்வரப் பெருமானைக் கும்பிட வேண்டும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. 1977, 1983 கலவரங்களின் பின் மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரரும் நம்மில் பலருக்கு உண்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று போய் வருகிறோம். தாயும் தகப்பனும் வேலையை விட முடியாத வீட்டில், அம்மாயியோடு பிள்ளைகளை மட்டும் அனுப்பி வைப்பதும் நடக்கிறது.

கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போகிற பஸ் கந்தளாயைத் தாண்டித்தான் திருகோணமலைக்குப் போக வேண்டும். கந்தளாயில் இருந்து அங்கே இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பெரிய குளம், வயல், வாய்க்கால், வீதியோரத்தில் சட்டித் தயிர் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். ஆனால் உடம்புக்கு அது சூடான ஊர். அந்தச் சூட்டைக் குளிர் நாட்டில் வளர்ந்த பிள்ளையின் உடம்பு எப்படி எதிர்கொள்கிறது, பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த இதழின் பாடம்.

ஒரே காற்று, இரண்டு ஊர்

முதலில் ஒரு விசயத்தை விளங்கிக் கொள்வோம். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. கடலில் இருந்து ஈரத்தை அள்ளிக் கொண்டு வரும் அந்தக் காற்று நமது மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் அந்த மாதங்களில் கம்பிளியும் கொங்காணியும் காயாமல் கிடப்பது இதனால்தான்.

மழையை இங்கே இறக்கி வைத்த அதே காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது வறண்டு, சூடேறிப் போகிறது. கிழக்கு மாகாணத்து மக்கள் அதைக் 'கச்சான்' என்கிறார்கள். கச்சான் வீசும் மாதங்களில் புல் கருகும், உதடு வெடிக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலைப் பக்கத்தில் பகல் வெப்பம் சாதாரணமாகவே 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை போகும். நுவரெலியாவில் பகல் உச்ச வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நாம் மழையில் சுவெட்டரைப் போட்டுக் கொண்டு பஸ் ஏறுகிற அதே நாளில், கந்தளாயில் வருசத்தின் உச்ச வெயில் அடித்துக் கொண்டிருக்கும். விடியற்காலையில் ஏறிய பிள்ளை மத்தியானத்தில் 15 பாகை கூடிய ஊரில் இறங்குகிறது.

சித்திரை மாதத்துச் சூடு வேறு விதமானது. ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. காற்று குறைவு, ஈரப்பதன் கூடுதல். வியர்வை வழியும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால்தான் வெப்பமானி 33 காட்டினாலும் உடம்புக்கு 40 போலத் தெரிகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் 'மனித உடலால் உணரப்படும் வெப்பம் அவதானம் செலுத்த வேண்டிய மட்டத்தில் இருக்கும்' என்று வானொலியில் அறிவிப்பது இதைப் பற்றித்தான். அந்த அறிவிப்பில் திருகோணமலை மாவட்டத்தின் பெயர் அடிக்கடி வரும். காது கொடுத்துக் கேளுங்கள்.

பிள்ளையின் உடம்பு பெரியவர் உடம்பல்ல

"எங்களுக்குத் தாங்குதே, பிள்ளைக்குத் தாங்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாங்காது. காரணங்கள் இவை.

பிள்ளை சிறிது. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவரை விடக் கூடுதல். வெளியே காற்று தோலை விடச் சூடாக இருந்தால், அந்தத் தோல் வழியாகச் சூடு உள்ளே விரைவாக ஏறும். பிள்ளைக்கு வியர்வையும் பெரியவர் அளவுக்குச் சுரப்பதில்லை. ஓடி விளையாடும்போது அதன் உடம்பு எடைக்கு ஏற்பக் கூடுதலான சூட்டைத் தானே உண்டாக்குகிறது. கைக்குழந்தையோ "தாகமா இருக்கு, வெக்கையா இருக்கு" என்று சொல்லவும் மாட்டாது, போர்வையைத் தள்ளிவிடவும் தெரியாது.

இன்னொரு காரணம் நமது பிள்ளைகளுக்கே உரியது. எந்த உடம்பும் புதிய சூட்டுக்குப் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும். அந்த நாட்களில்தான் உடம்பு சீக்கிரமாக வியர்க்கவும், வியர்வையில் உப்பை அதிகம் விடாமல் பிடித்துக் கொள்ளவும் கற்றுக் கொள்கிறது. கந்தளாய்ப் பிள்ளை பிறந்ததில் இருந்தே அதற்குப் பழகியது. மத்தியானத்தில் வாய்க்கால் கரையில் அது கிரிக்கெட் விளையாடினால், கூடவே நமது பிள்ளையும் மட்டையைத் தூக்கிக் கொண்டு ஓடும். இரண்டு பிள்ளைகளும் ஒரே வயதாக இருக்கலாம், ஆனால் இரண்டு உடம்பும் ஒன்றல்ல. நாம் போய் வருவதே நாலைந்து நாளைக்கு. அதாவது, உடம்பு பழகுவதற்கு முன்பே திரும்பி விடுகிறோம். ஆகவே முதல் நாளில் இருந்து கடைசி நாள் வரைக்கும் கவனம் வேண்டும்.

துணியும் தொட்டிலும்

நமது ஊரில் நல்ல தாய் என்றால் பிள்ளைக்குக் குல்லா, காலுறை, சுவெட்டர் எல்லாம் போட்டுச் சுற்றி வைத்திருப்பவள். குளிருக்கு அது சரி. ஆனால் அந்தப் பழக்கம் பஸ்ஸிலும் கூடவே வருகிறது. "சளி புடிச்சிரும், காத்துப் பட்டுரும்" என்று தம்புள்ளை தாண்டிய பிறகும் குல்லாவைக் கழற்றாத தாய்மாரை நாம் பார்க்கிறோம். கைக்குழந்தையின் உடம்புச் சூடு பெருமளவு தலை வழியாகவே வெளியேற வேண்டும். அந்த வழியைக் குல்லா அடைத்து விடுகிறது.

மலை இறங்க இறங்கத் துணியைக் குறையுங்கள். கண்டியில் சுவெட்டரைக் கழற்றுங்கள். தம்புள்ளையில் குல்லாவையும் காலுறையையும் கழற்றுங்கள். கந்தளாயில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். அது வியர்த்துச் சூடாக இருந்தால் துணி கூடிவிட்டது என்று அர்த்தம்.

தொட்டில் கட்டினால் காற்று வருகிற இடத்தில் கட்டுங்கள். ஈ, நுளம்பு வராமல் இருக்கத் தொட்டிலைத் தடித்த சேலையால் மூடுவது கூடாது. உள்ளே காற்று அடைந்து சூடேறிவிடும். நுளம்பு வலை போடுங்கள். மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே தூங்க வைக்காமல், திண்ணையிலோ மர நிழலிலோ பாய் விரியுங்கள்.

தண்ணீர்

பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்குக் கந்தளாய்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் ருசி பிடிக்காமல் போகலாம். "தண்ணி ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒரு மிடறோடு வைத்துவிடும். சூட்டில் மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாகக் குடிக்க வேண்டிய பிள்ளை குறைவாகக் குடிக்கிறது. இது வெளியில் தெரியாத ஆபத்து.

கொதித்தாறிய தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். போன இடத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மண்பானையில் ஊற்றி ஆற வையுங்கள். ருசி பிடிக்காவிட்டால் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்து கொடுக்கலாம். மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் எல்லாம் நல்லவை. நிறமூட்டிய சோடாவும் ஐஸ் பாக்கெட்டும் தண்ணீருக்குப் பதிலாகாது. பிளேன்டீயும் சிறு பிள்ளைக்குத் தண்ணீருக்கு ஈடல்ல. போதாததற்கு, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமலும் அது தடுக்கும்.

தாகம் எடுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வெயிலில் நடக்கிற, விளையாடுகிற பிள்ளையை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் குடிக்க வையுங்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் 100 முதல் 250 மில்லிலீற்றர், அதாவது அரைக் கோப்பையில் இருந்து ஒரு கோப்பை வரை தேவை. அதற்குச் சிறிய பிள்ளைக்குச் சில மிடறுகளாக அடிக்கடி கொடுங்கள்.

6 மாதம் நிறையாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர் கொடுக்க வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள். பால் கொடுக்கிற தாய் தானும் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

போதுமான தண்ணீர் போகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூத்திரத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. கடும் மஞ்சளாக இருந்தாலோ, 6 மணித்தியாலமாகப் பிள்ளை மூத்திரம் போகாவிட்டாலோ தண்ணீர் போதவில்லை.

எந்த நேரத்தில் வெளியே போவது

காலை 10 மணிக்கு முன்னும் பின்னேரம் 4 மணிக்குப் பின்னும் வெளிவேலை வைத்துக் கொள்ளுங்கள். கோணேஸ்வரத்துக்கு விடியப் போங்கள். வெயிலேறிய கருங்கல்லும் மணலும் வெறுங்காலைச் சுட்டுவிடும். மத்தியானம் வீட்டு நிழலில் தாயமும் பல்லாங்குழியும் விளையாடட்டும்.

வெக்கை தாங்காமல் பிள்ளைகள் தண்ணீரைத் தேடி ஓடும். கந்தளாய்க் குளமும் வாய்க்கால்களும் நமது ஊர் ஓடையைப் போன்றவை அல்ல. ஆழம் திடீரென்று மாறும், வாய்க்காலில் இழுவை இருக்கும். வறண்ட வலயத்துக் குளங்களில் முதலையும் உண்டு. நமது பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நீச்சல் தெரியாது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் காட்டுகிற துறையில், கை எட்டும் தூரத்தில் நீங்கள் நிற்க, அப்போது குளிக்கட்டும். சிறு பிள்ளைக்குக் கிணற்றடியில் வாளித் தண்ணீர் போதும்.

மூடிய வண்டி

குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. "பிள்ளை தூங்குது, எழுப்ப வேணாம்" என்று வண்டியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்க இறங்குவது மிகவும் ஆபத்து. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை சூடு ஏறும். அரை மணித்தியாலத்தில் 20 பாகைக்குக் கிட்ட ஏறும். வெளியே 34 என்றால் உள்ளே 50ஐத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. ஐந்து நிமிட வேலையென்றாலும் பிள்ளையைத் தூக்கிக் கொண்டே இறங்குங்கள். கடைசியாக இறங்குபவர் பின் இருக்கை வரை பார்த்து, பிள்ளைகளை எண்ணி விட்டே கதவைச் சாத்த வேண்டும்.

பெரிய பிள்ளைகள்

சிறு குழந்தையைப் பற்றிப் பயப்படுகிற நாம், 14, 15 வயதுப் பையனைப் பற்றி யோசிப்பதில்லை. "அவன் பெரிய ஆள்" என்கிறோம். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய ஒரு மாணவன் சுகவீனமுற்று உயிரிழந்தான். அந்த நாட்களில் நாடெங்கும் கடும் வெப்பம். அதன் காரணத்தைத் தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல. ஆனால் வெயிலில் கடுமையாக ஓடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பதை அது எல்லாருக்கும் உணர்த்தியது. கல்வி அமைச்சும் அந்த வருசம் கடும் வெயிலில் மாணவரை வெளியில் விளையாட விட வேண்டாம் என்று பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அதே 2024 ஏப்ரலில் பங்களாதேசத்திலும் பிலிப்பைன்ஸிலும் வெப்பம் காரணமாகப் பாடசாலைகளையே மூடினார்கள்.

விடுமுறையில் பிள்ளைகளைச் சமவெளிப் பக்கம் கூலி வேலைக்கு அனுப்புவதும் நடக்கிறது. வயல், செங்கல் சூளை, கட்டட வேலை எல்லாம் நடு வெயிலில் நடப்பவை. வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. குளிர் நாட்டுப் பையனை முதல் நாளே கந்தளாய் வெயிலில் மண்வெட்டி பிடிக்க விட்டால், சாயந்திரம் கையில் வருகிற கூலியை விட இழப்பது பெரிதாகப் போய்விடலாம்.

உடம்பு சொல்லும் அடையாளங்கள்

முதல் படி: முகம் சிவப்பு, தோலில் வியர்க்குரு, எரிச்சல், அழுகை, கால் தசையில் பிடிப்பு. நிழலுக்குக் கொண்டு வாருங்கள். துணியைத் தளர்த்தித் தண்ணீர் கொடுத்து ஓய்வெடுக்க விடுங்கள்.

இரண்டாம் படி: தலைவலி, தலைசுற்று, குமட்டல், வாந்தி, அதிக வியர்வை, சோர்வு, விளையாடிய பிள்ளை தானாகவே வந்து படுத்துக் கொள்வது. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். உடம்பை ஈரத் துணியால் துடையுங்கள். ஜீவனி ஒரு பக்கெற்றை முழுதாக 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பக்கெற்றைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம். அரை மணித்தியாலத்தில் தேறாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்றாம் படி: பிள்ளை பிதற்றுகிறது, ஆளைத் தெரியவில்லை, தள்ளாடுகிறது, வலிப்பு வருகிறது, மயங்கி விழுகிறது, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது. உடம்பின் வெப்பம் 40 பாகையை, அதாவது 104 பரனைற்றைத் தாண்டியிருக்கலாம். இதுதான் வெப்ப அதிர்ச்சி. "வியர்க்குதே, அப்போ இது அதில்லை" என்று இருந்துவிடாதீர்கள். வியர்வை இருந்தாலும் இது வரலாம். இந்த நிலையில் நிமிடம்தான் உயிர்.

முதலில் தண்ணீர், பிறகு வண்டி

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். மூன்றாம் படியில் உள்ள பிள்ளையைப் போர்வையில் சுற்றிக் கொண்டு ஓட்டோ தேடி ஓடாதீர்கள்.

ஒருவர் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். மற்றவர்கள் பிள்ளையை நிழலில் கிடத்தித் துணியைக் கழற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக் கொண்டே விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள், அது சூடேறியதும் மாற்றுங்கள். வண்டி வரும் வரையும் நிறுத்தக் கூடாது. வண்டிக்குள்ளும் தொடர வேண்டும்.

மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். பரசிட்டமோல் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பதாலும் பயனில்லை. திருநீறு பூசுங்கள், சாமியை வேண்டுங்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற கை நிற்கக் கூடாது.

திரும்பி வந்த பிறகு

வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் "வெயில் சூடு" என்று விட்டுவிடாதீர்கள். அது டெங்குவாகவும் இருக்கலாம். பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்தோ அஸ்பிரினோ கொடுக்க வேண்டாம். தோட்ட வைத்திய உதவியாளரிடமோ வைத்தியசாலையிலோ காட்டி, "கந்தளாய்ப் பக்கம் போயிட்டு வந்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

1. மழை பெய்யும் மாதத்தில் நாம் புறப்பட்டாலும் கந்தளாயில் ஏன் வெயில் உச்சமாக இருக்கிறது?
2. அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தாங்குகிற வெயில் நமது பிள்ளைக்கு ஏன் தாங்காது?
3. 5 மாதக் குழந்தைக்குத் தாகம் என்று தோன்றினால் என்ன கொடுப்பது?
4. பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்தால் முதல் வேலை என்ன?

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத அம்மாயிக்கும் தாத்தாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். பிள்ளைகளை அவர்களோடு அனுப்புகிறீர்கள் என்றால் இந்தத் தாளையும் பையில் வைத்து அனுப்புங்கள். சமவெளியில் வாழும் சொந்தக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "நம்ம பிள்ளைங்க குளிர்ல வளந்ததுங்க, மத்தியானத்துல வெளிய விட்டுராதீங்க."

போன பிள்ளைகள் சுகமாக, சந்தோசமாக, கடல் கதைகளோடு திரும்பி வரட்டும்.